தண்ணீரில் அடிக்கும் சத்தம்

நான் வாவிக்கரை ஊரான கல்லடியில் இருக்கிறேன். என் கணவர் வாவியில் வலை வீசுவதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டு வந்தேன். பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடவே இல்லை. சத்தம் துல்லியமாக இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று நம்பிப் புதிய மைக் ஒன்று வாங்கினேன்.

அன்று காலை தோணியில் போனோம். தண்ணீரில் இறங்குமுன் அவர் வழக்கம்போல் கம்பால் தண்ணீரில் ஓங்கி அடித்தார். முதலை கிடந்தால் விலகிப் போகட்டும் என்றுதான் அப்படி அடிப்பது.

"இஞ்சேருங்க, அடிக்காதீங்க. மைக்கில ஒரே இரைச்சலாக் கிடக்கு."

"அடிக்காம நான் ஒருநாளும் இறங்கினதில்ல புள்ள."

"இண்டைக்கு மட்டும்."

மனமில்லாமல் கம்பை வைத்துவிட்டு ஒரு காலைத் தண்ணீரில் விட்டார். படம் பிடித்துக்கொண்டிருந்த கைபேசித் திரையில் அவர் முழங்காலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை தெரிந்தது. அது நகர்ந்தது.

"காலத் தூக்குங்க!" என்று கத்தினேன். அவர் தோணிக்குள் விழுந்தார். முதலையின் வால் பலகையில் மோதித் தோணி சரிந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. இருவரும் தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம்.

இப்போதும் வீடியோ போடுகிறேன். எல்லாம் அந்தக் கம்படியோடுதான் தொடங்கும். காதைக் குத்துகிறது, வெட்டிவிடுங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். வெட்டமாட்டேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் என் கணவர் தண்ணீரில் கால் வைக்கிறார்.