அழித்த வலது பாதி

இராஜபாளையத்தில் டிசைன் கடை வைத்திருக்கும் ஜெனிலாவுக்குப் பேய்ப்பட போஸ்டரில் தனிப் பெயர் உண்டு. ஓடுகிற பேருந்திலிருந்து பார்த்தாலும் நெஞ்சு திக்கென்று ஆக வேண்டும். முக்கால் பங்கு இருட்டு, ஒரே ஒரு முகம், அடியில் சிவப்பு எழுத்து போதும் என்பாள். அந்த முகம் எப்போதும் பெண்தான்; கறுத்த, தலைவிரித்த, ஏழைப் பெண். பங்களாக்கார ஆணைப் பேயாக்கித் தரும்படி எந்தத் தயாரிப்பாளரும் கேட்டதில்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

சென்ற ஆடியில், கூமாப்பட்டியில் எடுத்த ஒரு சின்னப் படத்துக்கு இயக்குநர் கௌதம்ராஜ் போஸ்டர் கேட்டு வந்தான். எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினான்.

“மேக்கப்பு மேக்கப்பாவே தெரியுதுக்கா. நெசமா இருக்கணும்.”

கணினியில் மாரியாத்தாளின் படம் இருந்தது. மம்சாபுரத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைப்பவள். ஸ்டவ் வெடித்ததில் இடது கன்னம் வெந்து, கண் இழுபட்டுப் போனவள். மாற்றுத்திறனாளி அட்டைக்காக இந்தக் கடையில்தான் படம் எடுத்திருந்தாள். ஜெனிலா அதன் வலது பாதியை அழித்து, இடது பாதியையே திருப்பி ஒட்டினாள். இரு பக்கமும் அச்சாக ஒன்றுபோலிருந்தால் மனித முகம் மனித முகமாகத் தெரியாது. ஆகவே யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பினாள்.

படக்காரர்கள் போஸ்டரை மடவார் வளாகத்திலிருந்து மம்சாபுரம் வரை ஒட்டினார்கள். பள்ளியின் எதிர்ச் சுவரிலும் ஒன்று. அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மறுநாள் மாரியாத்தாளிடம் யாரும் தட்டை நீட்டவில்லை. ஒரு வாரம் சோறு மிஞ்சியது. வேறு ஆளைப் போடச் சொல்லிப் பெற்றோர் சிலர் தலைமையாசிரியையிடம் போனார்கள். அந்த முகத்துக்குப் பயப்படத் தெரியாதிருந்த பிள்ளைகளுக்கு ஒரு காகிதம் பயத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தது.

மாரியாத்தாள் போனில் சண்டை பிடிக்கவில்லை.

“ஏட்டி ஜெனிலா, செவத்துல இருக்கது நாந்தான?”

ஜெனிலா போனை வைத்தாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனாள். எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டரைத் தண்ணீர் ஊற்றி நகத்தால் சுரண்டினாள். பிறகு சமையற்கூடத்து வாசலில் போய் நின்றாள்.

“தப்புப் பண்ணிட்டேன்க்கா.”

“தீப்பட்ட பக்கத்த எடுத்த, சரி. நல்லா இருந்த பக்கத்த எதுக்குட்டி அழிச்ச?”

ஜெனிலா தரையைப் பார்த்தாள். “எப்படிச் செஞ்சேன்னு பிள்ளைகளுக்குக் காட்டிருதேன்க்கா. அப்பப் பயம் போயிரும்.”

“எம்மூஞ்சிய இன்னொரு மட்டம் தொடாத. ஒனக்குன்னு ஒரு மூஞ்சி இருக்குல்ல?”

சாப்பாட்டு மணி அடித்ததும் ஜெனிலா லேப்டாப்போடு பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தாள். தன் முகத்தைப் படம் பிடித்து, பாதியை அழித்து, மறுபாதியைத் திருப்பி ஒட்டி, கண்ணைக் கறுப்பாக்கினாள்.

“ஏலே, இந்தக்கா பேயாயிட்டாவ!” என்று கூத்தடித்தார்கள்.

“ஒங்களுக்குச் சோறு போடுதாவள்ல, அவியளயும் இப்படித்தான் செஞ்சேன். போஸ்டர்ல இருந்தது பேயில்ல, நான் செஞ்ச தப்பு.”

முன்வரிசையில் ஒரு சிறுமி திரையைப் பார்த்தாள். “அவியகிட்ட கேட்டுட்டுச் செஞ்சியளா?”

“இல்ல.”

அதைச் சொல்வதற்குள் ஜெனிலாவுக்குக் காது மடல் வரை எரிந்தது.

சிறுமி தட்டை எடுத்துக்கொண்டு சமையற்கூடத்துக்குப் போனாள். பின்னால் நான்கு பேர் போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை. மாரியாத்தாள் ஐந்து தட்டிலும் சோறு போட்டு முட்டை வைத்தாள். ஜெனிலா பக்கம் திரும்பவே இல்லை.

“மிச்சப் பிள்ளைக இருக்கு,” என்றாள் கரண்டியைக் கழுவிக்கொண்டே. “நாளைக்கும் வா.”