வத்தகைப்பழச் சிவப்பு ஜெர்பரா

எனக்குப் பொறுமை கிடையாது என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். ஜெர்பராவுக்கு மகரந்தம் தொட்டு வைக்கும்போது அவர்கள் என்னைப் பார்க்கவேண்டும். பழைய சித்திரத் தூரிகையால் ஒரு பூவின் நடுவிலிருந்து தூளை எடுத்து, இன்னொரு பூவின் வெளிவட்டத்தில் மெல்லத் தடவி, அடுத்தடுத்த நாட்களும் அதையே செய்வேன். பஞ்சோடு விதை முற்ற ஒரு மாதமாகும். முளைத்துப் பூக்க இன்னும் ஆறேழு மாதம். கடைசியில் பூப்பது பெரும்பாலும் ஒரு மங்கல் ரோசாதான்.

ஒரு தடவை மட்டும் அப்படி இல்லை. வாவிப் பக்கமுள்ள என் வீட்டு முற்றத்தில், நிழல் வலைக்குக் கீழே, ஒரு நாற்று, நீர் சொட்டும் வத்தகைப்பழத் துண்டின் சிவப்பில் பூத்தது. இதழ்களின் நுனியில் மட்டும் துளி வெள்ளை. அப்படியொரு பூவை நான் எங்கும் கண்டதில்லை. அதன் விதையைப் போட்டால் வேறு நிறம்தான் வரும்; தூரைப் பிரித்து நட்டால்தான் அதே பூ கிடைக்கும். பிரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. இருந்தது ஒரே செடி. வெட்டிய இடம் அழுகிவிட்டால் அந்த நிறம் அதோடு போய்விடும். ஒரு வருடமாகக் கத்தியைத் தொடவே இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். அதனால் என் கணவரின் அம்மா வாவிக்கு அக்கரையிலுள்ள வவுணதீவிலிருந்து வந்தால் என் வீட்டில் அவர் விருந்தாளி. விருந்தாளியாகச் சும்மா இருக்க மாமியால் முடியாது. கணவரின் கண் சத்திரசிகிச்சைக்காக நாங்கள் ஒரு கிழமை கொழும்பில் நின்றபோது மாமிதான் வீடு பார்த்தார். முற்றம் கூட்டி, பாத்திரமெல்லாம் மினுக்கி முடித்து, என் பூச்சட்டிகளுக்கும் வந்துவிட்டார். வட்டை வயலில் பாத்தி பிடித்த பழக்கம். கச்சான் கடலைக்குச் செய்வதுபோல எல்லாச் செடிக்கும் கழுத்துவரை மண் அணைத்து, தாராளமாகத் தண்ணீரும் ஊற்றியிருந்தார்.

ஜெர்பராவின் குருத்து மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். மூடினால் அழுகிவிடும். மற்றவற்றைத் திரும்ப வாங்கலாம். திரும்பி வந்து அந்தச் சிவப்பு ஜெர்பராவின் நடு இலைகளை நான் தொட்டதும் கையோடு வந்தன.

"ஆர் இதுக்கு மண் போட்ட?"

"நான்தான் புள்ள. கழுத்து வெளியில தெரிஞ்சிது, பாவமாக் கிடந்திச்சி. அணைச்சி உட்டன்."

"உங்கள ஆர் மாமி தொடச் சொன்ன?"

பக்கத்து வளவுக்கும் கேட்கக் கத்தினேன். கண்ணில் கட்டோடு இருந்த கணவர் காதும் கேட்காதவர்போல இருந்துகொண்டார். மாமி உள்ளே போனார்.

செடியைக் கிளப்பிக் கழுவினேன். நடுத்தூர் கூழாகியிருந்தது. இரு பக்கத்திலும் இரண்டு சின்னத் தூர்கள் மட்டும் கெட்டியாக இருந்தன. இனி வெட்டாமல் முடியாது. கத்தியை எடுத்தேன், திரும்பக் கீழே வைத்தேன். எப்போது வந்தாரோ, மாமி எதிரில் குந்தினார்.

"தா, நான் புடிக்கிறன். நீ வெட்டு."

அவர் அசையாமல் பிடித்தார். நான் வெட்டினேன். காயத்தில் கறுவாத்தூள் தடவி, ஆற்றுமணலும் உமிக்கரியும் கலந்து, குருத்து வெளியே தெரிய இரண்டு சட்டிகளில் நட்டேன்.

மாமி ஊருக்குப் போகவில்லை. காலையில் எழும்பியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சட்டிகளைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். இருவரும் பேசிக்கொள்வது குறைவு. மூன்றாம் கிழமை ஒரு சட்டியில் புது இலை. இரண்டு நாளில் மற்றதிலும். அப்பாடா என்று சட்டிக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். கண்ணீர் வந்தது.

"நான் கத்தினத்த மனசில வெச்சிக்காதீங்க மாமி."

"உடு புள்ள. எனக்குந்தான் நெஞ்சி பதறிச்சி."

ஒரு சட்டியை அவரிடமே கொடுத்தேன். "வேணாம் புள்ள, நான் சாகடிச்சிருவன்" என்று பின்வாங்கினார். "ரெண்டும் ஒரே இடத்தில நிக்கப்படாது, கொண்டு போங்க" என்றேன்.

நாலு மாதம் கழித்து மாமி தொலைபேசியில் கூப்பிட்டார். "பூத்திட்டு. நிறம் சரியாண்டு நீ வந்து பாரு." அன்றைக்கே பாலம் கடந்து போனேன். அதே சிவப்பு, அதே வெள்ளை நுனி. மத்தியானம் அங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டேன். என் முற்றத்துச் செடி நாளைக்கே பட்டுப்போனாலும் பரவாயில்லை, மாமியிடம் இருக்கிறது.