சித்தூரான் ஏறிய லாரி

ஓரிக்கைக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் குடியிருந்த வீரபத்திரனுக்கு நடைதான் பிழைப்பு. மாட்டுத் தரகர் துரைக்கண்ணு சித்தூர்ப் பக்கத்துச் சந்தைகளில் வாங்கிப்போடும் உழவு மாடுகளை, ஆற்றோரமாகவே ஓட்டிவந்து காஞ்சிபுரத்தில் சேர்ப்பார். வழியெல்லாம் மாட்டின் கால், மனுஷன் கால், மேலே ஏகாம்பரநாதர் துணை. அவ்வளவுதான்.

மந்தை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் ஒரு மாடு போகவேண்டும். தண்ணீரோ சகதியோ, அது கால் வைத்தால்தான் மற்றவை கால் வைக்கும். அதன் கழுத்தில் மட்டும் மணி. அந்த மாட்டை யாரும் விற்கமாட்டார்கள். அக்கரை ஏறியதும் கூப்பிட்டால், மந்தையை விட்டு ஒதுங்கி, ஓட்டுகிறவரிடமே திரும்பி வந்துவிடும்.

வீரபத்திரனிடம் இருந்த முன்மாடு சித்தூரான். கன்றாயிருந்தபோது கால் நொண்டுகிறது என்று தரகர் கழித்துவிட, இவர் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இவர் மனைவி கங்கையம்மாள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டி நடக்க வைத்தாள். பிள்ளையில்லாத வீடு அது. தெலுங்கு பேசுகிற ஊரில் பிறந்ததாலோ என்னவோ, சித்தூரான் "ரா ரா" என்றால்தான் வரும். "வா" என்றால் காதைக்கூட ஆட்டாது.

"இன்னாய்யா உன் புள்ள, இத்தினி வருசமா நம்ம சோத்தத் துன்னுக்கினு தமிழு கத்துக்கமாட்டேங்குது?" என்று கங்கையம்மாள் கேலி செய்வாள்.

"கத்துக்கினா நீ திட்றது அதுக்கும் புரிஞ்சிடும்மே. நான் ஒருத்தன் படறது போதாதா?"

ஓர் ஐப்பசியில், நடு ஆற்றில் இருக்கும்போது வெள்ளம் வந்துவிட்டது. சித்தூரானின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வீரபத்திரன் கரையேறினார். மறுநாள் கோயிலுக்குப் போய், நந்தியின் காதில் வாயை வைத்து, "உன் இனத்தான் என்னைக் காப்பாத்தினான்பா, சாமிகிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. ஏனாத்தூர்ப் பக்கமெல்லாம் வைக்கோல் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை. உழவு மாடு வாங்க ஆளில்லை, விற்கத்தான் ஆட்கள். தரகர் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி லாரியில் மேற்கே அனுப்பத் தொடங்கினார். எதற்குப் போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் ஆற்றங்கரை மேட்டில் லாரி பின்பக்கமாக நின்றது. பலகை போட்டிருந்தார்கள். ஒரு மாடும் ஏறவில்லை. டிரைவர் வேணுகோபால் வாலை முறுக்கினான், தார்க்குச்சியால் குத்தினான். ஒரு கிழ எருது முட்டி மடங்கி விழுந்தது. அதன் முட்டியில் ரத்தம்.

வீரபத்திரனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"வீரபத்திரா, உன் சித்தூரான ஏத்தேன்பா. மத்ததெல்லாம் பின்னாடியே பூடும். இதுங்களும் அடி வாங்காது இல்ல?" என்றார் துரைக்கண்ணு.

அடி வாங்காது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் மனம் இளகியது. ஏற்றிவிட்டுக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். காலமெல்லாம் செய்த வேலைதானே?

சித்தூரான் மணி குலுங்கப் பலகையில் ஏறியது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. ஆட்கள் நெருக்கி நிறுத்தி, கொம்புக் கயிறுகளை மளமளவென்று கட்டிப் பின்கதவைச் சாத்தினார்கள்.

"ரா ரா" என்றார் வீரபத்திரன்.

உள்ளே மணி சத்தம் கேட்டது. அசையத்தான் இடமில்லை. ஆற்றுக்கு அக்கரை உண்டு, ஒதுங்க இடம் உண்டு. லாரிக்கு ஒரே வாசல் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயோ, என் மாட்ட எறக்குங்கப்பா!"

"உன் மாடு அந்தக் கோடியில கீதுபா. அத எறக்கணும்னா அல்லாத்தையும் எறக்கணும்" என்றான் வேணுகோபால். "எறக்கிட்டா மறுபடி எப்டி ஏத்தறது? உன் மாட்ட வுட்டுத்தானே ஏத்தணும்?"

தரகர் வேறு பக்கம் பார்த்தார். "திரும்பி வரச்சொல்ல கொண்டாந்துடுவான், போ."

வீரபத்திரன் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அங்க கதவத் தொறந்ததும் 'ரா ரா'ன்னு கூப்புடு. உன்னாண்டயே வந்துரும். வந்ததும் கயித்தப் புடிச்சிக்கோ. மறந்துடாதப்பா."

"சரிபா, சரிபா."

லாரி திரும்பி வரும்வரை அவர் ஆற்றங்கரையை விட்டு நகரவில்லை. கங்கையம்மாள் கொண்டுபோன கஞ்சியும் அப்படியே இருந்தது.

வேணுகோபால் வெறும் லாரியோடு வந்தான். இறங்கி, மணியை எடுத்து நீட்டினான்.

"நீ சொன்னா மாதிரியே கூப்ட்டேன்பா. ஒதுங்கித்தான் வந்துச்சு. நான் கயித்தப் புடிக்கறதுக்குள்ள அந்த ஊர்க்காரங்க புடிச்சிக்கினாங்க. மணிய மட்டும் கழட்டி என் கையில குடுத்துட்டு, அத முன்னால வுட்டு ஓட்டிக்கினு பூட்டாங்க. அல்லா மாடும் அதும் பின்னாடியே பூட்ச்சு. ஒண்ணுகூட மெரளல."

வீரபத்திரன் மணியை வாங்கி மேல்துண்டில் முடிந்துகொண்டார். நேரே ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நடந்தார். கங்கையம்மாள் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். நந்தியின் காதில் வாயை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "இன்னாய்யா வேண்டிக்கினே?"

"ஒண்ணும் வேண்டிக்கல. அங்க கூப்ட்டது நான் இல்லடான்னு சித்தூரானாண்ட சொல்லச் சொன்னேன்."