இரண்டு முறை தாளித்த பருப்பு

பாணேரில் மகள் வீட்டு அடுப்படியில், "அம்மா, ஃபோடணி முதல்லயா, லாஸ்ட்லயா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கசார்வாடி ஞாபகம் வந்துவிடும். தாளிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது, அதற்கான மராத்திச் சொல்தான் வரும். நானும் திருத்துவதில்லை. ஃபோடணி எனக்குச் சோறு போட்ட சொல்.

கணவருக்கு வேலை போயிருந்த சமயம் அது. கசார்வாடியில் ஒரு பட்டறை கேன்டீனில், ஒரு வாரம் பார்த்துவிட்டு என்னை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே தலைமைச் சமையல் ஒரு மராத்திக்காரர். எல்லோருக்கும் அவர் தாயி, அதாவது அக்கா. நாலாம் நாள் நான் அரிசி களைந்துவிட்டு வந்தபோது பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேலே கடுகைக் காணோம். நம் வீடுகளில் கடைசியில்தானே தாளிப்போம்? அந்தச் 'சொய்ங்' கேட்டால்தான் சமையல் முடிந்ததாக அர்த்தம். ரொம்பச் சமர்த்தாகக் கடுகும் மிளகாயும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினேன். எண்ணெயில் கடுகு வெடித்த பிறகே அவர்கள் பருப்பை ஊற்றுவார்கள் என்பதோ, தாயி அதை எப்போதோ செய்துவிட்டார் என்பதோ எனக்குத் தெரியாது.

இரட்டிப்பான பெருங்காயக் கசப்பில் முதல் வாயிலேயே ஆட்கள் தட்டைத் தள்ளினார்கள். மேனேஜர் வந்து என்னைப் பார்த்துக் கத்தினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். தாயி குறுக்கே வந்து, "மீச் சாங்கித்லம்" என்றார். நான்தான் செய்யச் சொன்னேன் என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பச்சைப் பொய். அதற்காக ஒரு மாதம் அவரைப் பாத்திரம் கழுவ விட்டார்கள். அடுப்பில் நான் நின்றேன். கூனிக் குறுகித்தான் நின்றேன்.

அந்த மாதத்தில் ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தாயி சைகையும் சொல்லுமாக விளக்கினார். ஃபோடணி என்றால் உடைப்பது, வெடிக்க வைப்பது. கடுகு வெடிப்பதால் அந்தப் பெயராம். உங்கள் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அதற்காகவே பின்னாளில் அகராதியைப் புரட்டினேன். பழந்தமிழில் தாளிப்புக்குக் 'குய்' என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது. தாளிக்கும்போது எழும் மணத்தையும் அது குறிக்கும். அவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நம்மவர்கள் வாசனையை. 'தாளி' எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வேலையில்தான் மகளைப் படிக்க வைத்தேன். இத்தனை வருஷம் கூச்சப்பட்டுக் கேட்காததைப் போன வாரம் போனில் கேட்டேவிட்டேன். அன்று ஏன், தாயி, எனக்காகப் பொய் சொன்னீர்கள்?

அவர் சிரித்துக்கொண்டே மராத்தியில் சொன்னார்: "உனக்கு அப்ப எங்க பாஷை ஒரு வார்த்தை வராது. எனக்கு வரும். அப்ப யார்டீ பேசணும்?"