கெர்னலும் பஷீர் பாயின் விரலும்

கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலில் கைவைக்கிறவருக்கு முதலில் பரிச்சயமாவது உறைந்துபோன திரைதான். என்னைப்போல் அவதிப்பட்டவர்களே, உங்களுக்கு அது தெரியும். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், ஓசூரில் ஒரு சிறு நிறுவனத்தின் தரச்சோதனைப் பிரிவிலிருந்து, நாற்பது வயதைக் கடந்தபின் நான் இத்தொழிலுக்கு வந்தேன். ஊரை ஒட்டிய ஜூஜுவாடியில், எங்கள் வாடிக்கையாளர் பஷீர் பாயின் பட்டறையில், பிரஸ் இயந்திரம் அடித்துத் தள்ளும் வாஷர்களை எண்ணும் கணினிப் பெட்டி எங்கள் நிறுவனம் செய்தது. அது அடிக்கடி உறைந்தது. சரிசெய்தால் மென்பொருள் மேசை எனக்கு நிலைக்கும். இல்லையேல் அவர் பெங்களூர் நிறுவனம் ஒன்றின் பெட்டிக்கு மாறுவார், நான் பழைய மேசைக்குத் திரும்புவேன்.

புதுச் சோறு

கெர்னல் எந்த வரியில் நிற்கிறது என்றறிய, ஆங்காங்கே செய்தி அச்சிடும் வரிகளைச் சேர்த்தேன். ஒரு செய்தியும் வரவில்லை. மேலும் சேர்த்தேன், ஒவ்வொரு முறையும் கெர்னலைப் புதிதாகத் தொகுத்து, அது முடியும்வரை காத்திருந்தேன். அப்போதும் மௌனம்.

எங்கள் நிறுவனத்தில் சர்க்யூட் பலகை செய்யும் அத்திப்பள்ளி ரமேஷ் எட்டிப் பார்த்து, லைலோ கட்டளையை இயக்கினீர்களா என்று கேட்டார். அதை இயக்காவிட்டால் பெட்டி பழைய கெர்னலிலேயே எழும். நான் இயக்கியிருக்கவில்லை. ரமேஷ் சிரிக்காமல் சொன்னார்: "புதுசா சோறு ஆக்கி மூடி வெச்சுட்டு, நேத்துச் சோத்தையே சாப்டுட்டு இருந்திருக்கீங்க மேடம்."

கண்ணெதிரே நல்ல பிள்ளை

லைலோவை இயக்கியதும் செய்திகள் வந்தன, உறைவதும் நின்றுவிட்டது. மகிழ்ந்து அந்த வரிகளை நீக்கினேன், மீண்டும் உறைந்தது. சேர்த்தால் ஓடும், நீக்கினால் நிற்கும். தொலைபேசியில் பஷீர் பாயிடம் மறைக்காமல் சொன்னேன். அவருக்கு வியப்பே இல்லை. "நீங்க பாக்கறப்ப மட்டும் ஒழுங்கா ஓடுதா? அப்ப அது எம் பட்டறை ஆளுங்க மாதிரிதானுங்க மேடம்."

ஜூஜுவாடியில் ஒரு முற்பகல்

அச்சிடும் வரிகள் உண்டாக்கிய சிறு தாமதமே பிழையை மறைத்தது என்பது மெல்லப் புரிந்தது. பிரஸ் அடிக்கும் அதே கணத்தில் யாரேனும் பெட்டியின் பொத்தானை அழுத்தினால், கெர்னலுக்குள் இருவேறு பகுதிகள் ஒரே நினைவிடத்தைத் தொட்டன. ஒன்று முடிக்கும்வரை மற்றொன்று காத்திருக்குமாறு நிரலில் ஒரு பூட்டுப் போட்டேன்.

பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். என் விளக்கத்தை பஷீர் பாய் முழுவதும் கேட்டார்; பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்து, பிரஸ் இறங்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தத் தொடங்கினார். தேநீர் வந்தது, இடக்கையால் குடித்தார். ரமேஷ் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒருவழியாக பாய் விரலை உதறிக்கொண்டு எழுந்தார்: "பொட்டி நிக்கறாப்புல தெரியலீங்க, எம் வெரலுதான் நின்னுபோச்சு. இங்கயே இருக்கட்டும், நீங்க கெளம்புங்க."

பிழையைத் திருத்த நாமே போதும். அது திருந்திவிட்டதென்று நாம் நம்புவதற்குத்தான் ஒரு வாடிக்கையாளர் தேவைப்படுகிறார்.