பத்து மணிக்கு ஒரு போன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தினமும் காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, “வீட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கு வெளியவே விட்டுட்டு வாங்க” என்று சொன்ன பிறகுதான் மிஷினை ஓடவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு!

அந்த மாதம் ஆர்டர் அதிகம். பத்து மணிக்கு விடும் டீ டைமைப் பதினொன்றுக்குத் தள்ளி நோட்டீஸ் ஒட்டினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லாருக்கும் சம்மதம்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பெட்டி ஒட்டும் பெண் ஒருத்தி சரியாகப் பத்து மணிக்குக் கழிவறைப் பக்கம் நழுவுகிறாள். மறுநாளும் அதே கதை. பின்னாலேயே போனேன். ஏப்ரனுக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்தாள். லைனில் கைப்பேசி கூடவே கூடாது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

“அக்கா, ஒரே ஒரு போன் அடிச்சிக்கிறேன்கா, ப்ளீஸ்...”

“டீ டைம்ல அடிக்கலாம்லா. போய் வேலையப் பாரு.”

கைப்பேசியை என் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, அவள்மேல் புகார் எழுத உட்கார்ந்தேன். பத்தே கால் இருக்கும். லைனில் பெட்டிகள் குவிந்து நின்றன. அவள் ஒட்டிய டேப் கோணல்மாணலாக இருந்தது. கண்ணில் நீர். நடிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன், பாவி நான்! பக்கத்தில் போய், “என்னம்மா?” என்றேன்.

“வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் வியாதிக்கா. கண்ணும் சரியா தெரியாது. ஒம்போதரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்குவாரு, சாப்பிட மறந்துடுவாரு. போன மாசம் அப்படித்தான் மயங்கி விழுந்துட்டாரு. பத்து மணிக்கு நான் போன்ல சொன்னாத்தான் சாப்பிடுவாருக்கா.”

என் மேசைக்கு ஓடினேன். பதற்றத்தில் சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது. ஒருவழியாக எடுத்துக் கொடுத்தேன். அவள் அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. அதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை.

நான்காவது தடவை, “என்னாடி, இன்னிக்கு லேட்டு?” என்று ஒரு குரல். “மேல் வீட்டு அங்கிள் ரொட்டி சானாய் வாங்கிட்டு வந்தாரு. சாப்பிட்டுட்டு கை கழுவப் போனேன்லா.”

அப்பாடா! அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூச்சு திரும்பியதும், “இத முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?” என்று கேட்டேன். “நீங்கதானேக்கா, வீட்டுக் கதைய கேட்டுக்கு வெளிய விடச் சொன்னீங்க?” என்றாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

எழுதிய புகாரைக் கிழித்தேன். போய் அந்த நோட்டீஸையும் கிழித்தேன். மறுநாள் காலை வரிசையில், “யாருக்காவது வீட்ல ஏதும் கஷ்டமா?” என்று கேட்டபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இன்றும் எங்கள் லைனில் பத்து மணிக்குத்தான் டீ. மணி அடிக்கும்போதெல்லாம், அந்த மனிதர் நான்காவது தடவையும் எடுக்காமல் போயிருந்தால் எந்த விதியைக் காட்டி நான் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.