நான் போட்ட மூன்றாவது பங்கு

பொன்னமராவதிப் பக்கத்தில் சொத்தைப் பங்கு பிரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. புதுக்கோட்டை வக்கீல் ஒருவரே என் வாசலுக்கு வந்து யோசனை கேட்டுவிட்டுப் போனார். பொய்தான். வக்கீல் வந்தது மட்டும் நிஜம். திருமயத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அதையும் தப்பாகத்தான் சொல்லி அனுப்பினேன்.

பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதெல்லாம் காணாமல் போன ஆட்டைத் தேடித்தான். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து என் கட்டைவிரல். நான் சொல்லச் சொல்ல, எழுத்துத் தெரிந்த ஒரு புண்ணியவான் இதை எழுதிக்கொள்கிறார்.

எங்கள் அய்யா மலேயாவில் ரப்பர் பால் வெட்டிச் சம்பாதித்தவர். திரும்பி வந்து கண்மாய்க்குக் கீழே இரண்டு வயலும், கொஞ்சம் தள்ளி ஒரு கிணற்றுத் தோட்டமும் வாங்கினார். கிணற்றடியில் ஓடு போட்ட கொட்டகை ஒன்று உண்டு. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன், அடுத்தது தம்பி, கடைசி தங்கச்சி. தம்பி தனியாகப் போய்விட்டான். அய்யா என் வீட்டில் இருந்தார். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த தங்கச்சியும் என் வீட்டில்தான்.

என் வீட்டுக்காரி அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வாய்க்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசும். தங்கச்சி சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் அடுப்படியில் ஒரு குண்டான் உருளும். தான் போன பிறகு இவள் எந்த வீட்டில் சாப்பிடுவாள் என்பதுதான் அய்யாவின் ஒரே கவலை. பெண்ணுக்குப் பங்கு கொடுக்கிற வழக்கம் அன்றைக்கு எங்கள் ஊரில் கிடையாது.

ஒரு வருஷம் இருமல் வந்து படுத்து எழுந்தவர், என்னைக் கூப்பிட்டு நிலத்தை மூன்று பங்காகப் போடச் சொன்னார். ஒன்று எனக்கு, ஒன்று தம்பிக்கு என்றவர், மூன்றாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் வண்டி மாட்டைக் கேட்டிருந்தால்கூட அது யாருக்கென்று சொல்லியிருக்கும். நான் மாட்டைக் கேட்கவில்லை.

அப்பன்மார்கள் தங்கள் சாப்பாட்டுக்கென்று ஒரு பங்கை வைத்துக்கொள்வதும், கடைசிவரை சோறு போட்டவனுக்கு அது போய்ச் சேருவதும் ஊர் வழக்கம். அய்யா இருப்பது என் வீட்டில். அப்புறம் என்ன? வயலுக்கு ஒன்றாக இரண்டு பங்கு போட்டுவிட்டு, தோட்டத்தோடு கிணறு, தண்ணீர் இறைக்கிற கமலை, கொட்டகை எல்லாவற்றையும் மூன்றாவதில் சேர்த்தேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நல்லதெல்லாம் எங்கள் அய்யாவுக்கே போகட்டும் என்று அவர்கள் முன்னால் பெரிதாகச் சொன்னேன். இப்படி ஒரு பிள்ளையா என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். எனக்கே லேசாக அழுகை வந்தது.

மூத்தவன் பங்கு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் முறை. பங்குக்கு ஒரு கட்டி மண் எடுத்து மூன்று இலையில் வைத்தேன். தம்பி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அய்யா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ எங்கிட்டு வாரே? ஒனக்கும் இளையவ ஒருத்தி இருக்கால்ல? ஆத்தா, இங்கிட்டு வா. நீ எடு."

தங்கச்சி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது.

"பொம்பளப் புள்ளைக்குப் பங்கு குடுத்தா ஊரு சிரிக்காதாய்யா?"

"சிரிக்கிற ஊரு இவளுக்குச் சோறு போடுமாடா? எங்கப்பன் வச்சிட்டுப் போன சொத்துன்னா நீ கேக்கலாம். இது நான் மலேயாவுல அட்டைக்கு ரத்தம் குடுத்து வாங்குனது. யாருக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள். நான் மெதுவாக, அப்படியானால் அய்யாவுக்குப் பங்கு, என்று இழுத்தேன். தனக்கு எதற்குப் பங்கு, யார் கூப்பிட்டாலும் போய்ச் சாப்பிடுகிற ஆள்தானே, என்றார்.

தங்கச்சி வந்தாள். இரண்டு வயல் மண்ணையும் பார்க்கக்கூட இல்லை. தோட்டத்து மண் இருந்த இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே பாத்துப் பாத்துப் போட்ட பங்கு. வேணாம்னா அண்ணே மனசு சங்கடப்படும்."

கண்ணைத் துடைத்த பெரியவர் இப்போது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றைக்கே அவள் கொட்டகையைப் பெருக்கி அடுப்புப் போட்டுவிட்டாள். அய்யாவும் கைத்தடியை எடுத்துக்கொண்டு அங்கேயே போனார். என் வீட்டில் பாத்திரங்கள் சத்தமில்லாமல் கிடந்தன.

வாய்ப்பேச்சை நம்பாமல் பத்திரமாகவே பதிந்துவிட வேண்டும் என்று அய்யா பிடிவாதமாக இருந்தார். வண்டி கட்டிக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம். சாட்சிக் கைநாட்டுக்கு நான். அங்கே பத்திரம் எழுதுகிறவரிடம், என் வயலுக்கும் வாரம் ஒரு நாள் கிணற்றுத் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடும்படி காதோடு காதாகச் சொன்னேன். அந்த மனுஷர் அதை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தார். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்து...

"என்னங்க, அங்கிட்டு என்ன கதை? ஒங்க தங்கச்சி கமலை பூட்டியாச்சாம். நம்ம வயலுக்கு வார மொறைத் தண்ணி வாய்க்கால்ல வருது. மடை திருப்ப ஆள் வரலேன்னா தன் கத்திரிக்கே பாச்சிக்குவாளாம்."

வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். மண்வெட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. போறேன்.